வேலைக்குப் போகும் சைக்கிளுக்குக் கேரியர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைக்குச் சைக்கிளில் போய்வரலாம் என்று ஆசையோடு புது வண்டி வாங்குகிறவர்களில் சிலர், சில வாரங்களிலேயே அதை மாடிப்படிக்கு அடியில் ஒதுக்கிவிடுவதைச் சென்னையில் பார்த்துவருகிறேன். தூரமும் நெரிசலும் மட்டுமே அதற்குக் காரணம் அல்ல. அந்த வண்டியில் சாமான் வைக்க இடமே இல்லை. பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய சைக்கிளில் கேரியர், மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு எல்லாம் உண்டு. இன்று கடை வாசலில் நிற்கும் கியர் சைக்கிள்கள் பலவற்றில் இவை கிடையாது. மலைப்பாதையில் ஓட்டுவதற்கென உருவான வடிவத்தை அலுவலகம் போகிறவரின் தலையில் கட்டுகிறார்கள்.

ஆகவே வாங்கும்போதே, பின்சக்கர அச்சுக்கு அருகில் கேரியரைத் திருகிப் பொருத்தத் துளைகள் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே தாங்கி நிற்கும் கேரியர்கள் பல 25 கிலோ வரை சுமக்கும். சீட்டுக்குக் கீழுள்ள குழாயை மட்டும் கவ்வி நிற்பவை பெரும்பாலும் அதில் பாதிகூடத் தாங்குவதில்லை. முதுகில் பையை மாட்டிக்கொண்டு மிதித்தால், காற்றுப் புகாத அந்த இடம், கத்திரி வெயிலில் மட்டுமல்ல, மார்கழிக் காலையிலும் வியர்த்துச் சட்டையை நனைத்துவிடும். கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகளில் எடை தாழ்வாக நிற்பதால் வண்டி தள்ளாடாது. ஆனால் மிதிக்கும்போது குதிகால் இடிக்காதபடி பையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி மாட்ட வேண்டும்.

மடிக்கணினியின் அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தால் பள்ளங்களின் அதிர்ச்சி குறையும். சாப்பாட்டு டப்பாவை மறுபக்கப் பையில்தான் வைக்க வேண்டும், ஏனெனில் எவ்வளவு இறுக்கி மூடினாலும் நம் சாலைகளில் சாம்பார் தனக்கு ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்ளும். மாற்றுச் சட்டையைச் சுருட்டி வைத்தால் கசங்கல் குறைவு. ஷூவும் பெல்ட்டும் அலுவலகத்திலேயே இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பையின் மேலுறையை மட்டும் நம்ப முடியாது. மட்கார்டு இல்லாத பின்சக்கரம் சேற்றுநீரைக் கீழிருந்து வாரி அடிக்கும். பைக்குள் தடித்த பாலித்தீன் உறையை விரித்து, பொருள்களை அதற்குள் வைத்து, வாயை முறுக்கிக் கட்டுவதே பாதுகாப்பு. நனைந்த செயினை அன்றிரவே துடைத்து எண்ணெய் விடாவிட்டால் துரு ஏறிவிடும். சீட்டுக்குக் கீழே மாட்டிய சிவப்பு விளக்கைக் கேரியர் மேலுள்ள பை மறைத்துவிடும் என்பதால், விளக்கைக் கேரியரின் பின்முனையில் பொருத்த வேண்டும்.

அவசரக் காலையில் பஞ்சர் ஒட்டுவதைவிட டியூபை மாற்றுவது விரைவானது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள அளவுக்கேற்ற மாற்று டியூபும், டயர் நெம்பிகளும், சிறிய கைப்பம்பும் பையில் எப்போதும் இருக்கலாம். மோட்டார் சைக்கிள் வால்வு உள்ள டியூபுக்குப் பெட்ரோல் பங்க்கிலும் காற்றுப் பிடிக்கலாம். ஆனால் அது நொடியில் நிரம்பி வெடித்துவிடக்கூடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகவே பிடிக்கச் சொல்ல வேண்டும்.

சைக்கிள் தயாரிப்பாளர்களும் விற்பனையாளர்களும், நகரச் சாலைக்கென்று விற்கும் வண்டிகளிலாவது கேரியரையும் மட்கார்டையும் பொருத்தி, அவற்றையும் சேர்த்தே விலை சொல்ல வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பத்தூர், சென்னை.