கரடி வேண்டாம், வசந்தி

அன்புள்ள வசந்தி,

நலம். நீயும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, சின்னவன் பரீட்சை முடித்துவிட்டானா, இரண்டையும் மறக்காமல் எழுது. இத்தனை மாதமாக ஏன் எழுதவில்லை என்று ஆரம்பிக்காதே. நீயும்தான் எழுதவில்லை. கணக்கு நேர்.

விஷயத்துக்கு வருகிறேன். பாலுவோடு பெரிய சண்டை. வழக்கமான மூன்றாம் பெஞ்சு சண்டை இல்லை, நிஜமாகவே குரல் உயர்ந்துவிட்டது. எலிசபெத் அக்கா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார் என்றால் பார்த்துக்கொள். காரணம் ஒரு பனிக்கரடி.

சிரிக்காதே. கடலிலும் துருவங்களிலும் அழிந்துகொண்டிருக்கும் உயிர்களுக்காக ஒரு மாதம் முழுக்க ஆட்களைத் திரட்டுவது என்று எங்கள் குழுவில் முடிவெடுத்தோம். பள்ளிகளில் பேச்சு, நூலகத்தில் கண்காட்சி, கையெழுத்து இயக்கம், எல்லாம் எப்போதும் செய்வதுதான். சுவரொட்டிக்கென்று பாலு ஒரு படம் கொண்டுவந்தான். எலும்பும் தோலுமாக, காலை இழுத்து இழுத்து நடக்கும் கரடி. "இதைப் பார்த்த பிறகும் கையெழுத்துப் போடாதவன் மனுஷனே இல்லை" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் வேண்டாம் என்றேன். நான் வேண்டாம் என்பதை எந்த அழகில் சொல்வேன் என்று உனக்குத் தெரியும்.

அந்தக் கரடியை நீயும் பார்த்திருப்பாய். 2017-ல் கனடாவின் வடகோடியில் சாமர்செட் தீவில் எடுத்த காணொளி. உலகமே பார்த்தது. பருவநிலை மாற்றம் என்றால் இதுதான் என்கிற மாதிரி ஒரு வரியைப் போட்டு நேஷனல் ஜியாகிரஃபிக் அதை வெளியிட்டது. மறு வருஷம் அவர்களே, அந்த வரி அளவுக்கு மீறிப் போய்விட்டது, இந்த ஒரு கரடி ஏன் பட்டினி கிடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதினார்கள். நோயோ, காயமோ, வயசோ, யாருக்குத் தெரியும்? வெப்பமாவதே பொய் என்று சொல்லித் திரிகிறவர்களுக்கு அது போதாதா? இன்றைக்கும் அந்தக் கரடியைத்தான் இழுத்துக்கொண்டு வருகிறார்கள்.

எனக்கு ஆத்திரம் எங்கே வருகிறது தெரியுமா? உண்மையே போதுமான அளவுக்கு மோசமாக இருக்கிறது. கரடி சீல் பிடிப்பது கடல்பனி மேல் நின்றுதான். பனி இல்லாத நாள் கூடக்கூடப் பட்டினி நாளும் கூடும். ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் 2016-ல் 842 கரடிகள் என்று கணக்கிட்டார்கள், 2021-ல் அது 618. இவ்வளவும் கையில் இருக்கும்போது, நாளைக்கு எவனாவது மடக்கக்கூடிய ஒரு படத்தை எதற்குச் சுவரில் ஒட்ட வேண்டும்? இதைச் சொன்னால் பாலு, "ஜனங்களுக்கு எண் புரியாது, கண்ணீர்தான் புரியும்" என்கிறான். ஜனங்களைப் பற்றி இப்படி ஒரு அபிப்பிராயம் வைத்துக்கொண்டு ஜனங்களைத் திரட்டப் போகிறானாம்!

போன கடிதத்தில் நீ கேட்டிருந்தாய், "நீங்கள் வாங்கிய கையெழுத்தால் இதுவரை எந்தத் திமிங்கிலம் பிழைத்தது?" என்று. கேலிக்குத்தான் கேட்டாய். ஆனாலும் பதில் சொல்கிறேன், சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

பிழைத்தது. கூனல்முதுகுத் திமிங்கிலம். தென்மேற்கு அட்லாண்டிக்கில் 1950-களில் வேட்டைக்குத் தப்பி மிஞ்சியவை சில நூறு மட்டுமே. இப்போது அதே கடலில் ஏறத்தாழ 25,000. தானாக நடந்ததா? ரோஜர் பெயின் என்ற உயிரியலாளர் அவற்றின் பாட்டைப் பதிவு செய்து 1970-ல் இசைத்தட்டாக வெளியிட்டார். எண்ணெய்ப் பீப்பாயாக மட்டும் தெரிந்த பிராணி பாடுகிறது என்று அப்போதுதான் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது. 1972-ல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு பத்து வருஷத்துக்கு வேட்டையை நிறுத்தச் சொன்னது. யாரும் உடனே நிறுத்திவிடவில்லை. சர்வதேசத் திமிங்கில ஆணையத்தில் வருஷா வருஷம் வாக்கெடுப்பு, வருஷா வருஷம் தோல்வி, வெளியே கொடியும் கோஷமும். 1982-ல்தான் வணிக வேட்டைக்குத் தடை போட முடிந்தது, அமலுக்கு வர இன்னும் நாலு வருஷம் ஆயிற்று. இசைத்தட்டை வாங்கியவர்கள் அழுததோடு வீட்டில் உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்குமா? எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்து தட்டினார்கள், திறக்கிறவரை தட்டினார்கள்.

அண்டார்டிகாவில் சுரங்கம் தோண்டும் கதையும் அப்படித்தான். அதற்கு வழி செய்யும் ஒப்பந்தம் 1988-ல் எழுதியே முடித்தாகிவிட்டது. மறு வருஷம் ஆஸ்திரேலியாவும் பிரான்ஸும் கையெழுத்திட மாட்டோம் என்று பின்வாங்கின. லட்சக்கணக்கானவர்களின் மனு அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. 1991-ல் மாட்ரிட்டில் போட்ட உடன்படிக்கை சுரங்கத்தையே தடை செய்துவிட்டது.

சரி, தோற்ற கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீயே கேட்பாய். வாக்கிட்டா. மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் மட்டும் இருக்கும் குட்டிக் கடற்பன்றி. உலகம் முழுக்கக் கையெழுத்து வாங்கினார்கள். 2017-ல் ஒரு ஹாலிவுட் நடிகரே மெக்சிகோ அதிபரோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார். செவுள்வலைக்குத் தடையும் வந்தது. இன்றைக்கு மிச்சம் இருப்பது பத்துக்குள்தான். யாரும் வாக்கிட்டாவைப் பிடிக்கப் போவதில்லை. டொடோவாபா என்ற மீனுக்கு விரிக்கும் வலையில் அது மாட்டிச் சாகிறது. அந்த மீனின் காற்றுப்பைக்குச் சீனாவில் கொள்ளை விலை. வலை விரிக்கிறவனுக்கோ வேறு பிழைப்பு இல்லை. கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் அவன் பிழைப்பைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்? ஓரளவு பலன் தந்தது 2022-ல் கடற்படை போட்ட கொக்கி வைத்த கான்கிரீட் கட்டைகள். வலை கிழிந்துவிடும் என்று பயந்து அந்த இடத்தில் விரிப்பது குறைந்தது.

இதைவிட என்னை அரிப்பது சீல் விஷயம். வெள்ளை ரோமச் சீல் குட்டியைத் தடியால் அடிக்கும் படங்களைப் பார்த்து ஐரோப்பா கொதித்தது. 1983-ல் குட்டித் தோல் இறக்குமதிக்குத் தடை வந்தது. நியாயமான தடைதான், நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் சீல் தோல் சந்தையே மொத்தமாகச் சரிந்தது. வடகோடிப் பழங்குடிகளான இனுவிட் மக்கள் பிடிப்பது வளர்ந்த வேறு வகைச் சீல், அதுவும் சாப்பாட்டுக்கு. தோலை விற்றுத்தான் படகுக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வருமானம் போயிற்று. கனடாவின் கிரீன்பீஸ் என்ற சூழல் அமைப்பு 2014-ல் அவர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. முப்பது வருஷம் கழித்து! இதை நான் கூட்டத்தில் சொன்னபோது யாரும் பேசவில்லை. எலிசபெத் அக்கா மட்டும், "அழகான குட்டிக்குப் பரிந்து பேசுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் பயம்" என்றார். அக்கா எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நமக்குத் தெரியும். பாலுவுக்கு எங்கே விளங்கப் போகிறது?

பாலு சும்மா இருப்பானா, "கரடி வேண்டாம் என்றால் வேறு என்னதான் போடலாம், நீயே சொல்" என்றான். சொன்னேன். கிரில்.

ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் சிரித்தார்கள் பார், தாடி சார் வகுப்பில் நீ அந்தப் பதிலைச் சொன்னபோது சிரித்த மாதிரி.

நீ சிரிக்காமல் கேள். விரல் நீளத்துக்கு, இறால் மாதிரி ஒரு பிராணி. தென்துருவக் கடலில் நீலத்திமிங்கிலம் தின்பது அதை, அடேலி பென்குவின் குஞ்சுக்கு ஊட்டுவது அதை, சீலும் கடற்பறவையும் அதை நம்பித்தான். இளசாக இருக்கும்போது கடல்பனியின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பாசியைச் சுரண்டித் தின்றுதான் குளிர்காலத்தைத் தாண்டும். பனி குறைந்தால் அங்கேயே முதல் அடி. இரண்டாவது அடி கப்பல்கள். அள்ளிக்கொண்டு போய் என்ன செய்கிறார்கள் என்கிறாய்? பண்ணை சால்மனுக்குத் தீனி, ஒமேகா-3 மாத்திரை, நாய் பூனைக்குத் தீவனம்.

இங்கேயும் பாலு வேலை செய்ய மாட்டேன், உள்ளதைச் சொல்கிறேன். அந்தக் கடலில் கிரில் கோடிக்கணக்கான டன் இருக்கிறது. அண்டார்டிக் தீபகற்பத்தையும் சேர்த்து அட்லாண்டிக் பக்கத்துக் கடலுக்கு வருஷ வரம்பு 6,20,000 டன். மொத்தத்தோடு ஒப்பிட்டால் சொற்பம். தகராறு எங்கே பிடிக்கிறார்கள் என்பதில். பென்குவின் குஞ்சுக்கு இரை தேடும் அதே கரையோரம், திமிங்கிலம் மேயும் அதே இடம். பிடிப்பை ஒரே இடத்தில் குவிக்காமல் பிரித்து வைத்த விதி 2024-ல் காலாவதியானது, புதுப்பிக்க நாடுகள் ஒத்துவரவில்லை. 2025 ஆகஸ்டில் வரம்பு முதல்முறையாக எட்டப்பட்டு, பருவம் முடியும் முன்பே மூட வேண்டியதாயிற்று.

மூடுவதும் திறப்பதும் யார் கையில் என்றால், அண்டார்டிக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையம். வருஷா வருஷம் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் கூடுகிறார்கள். எல்லா நாடும் ஒத்துக்கொண்டால்தான் தீர்மானம், ஒரே ஒரு நாடு மறுத்தால் போச்சு. 2016-ல் ராஸ் கடலில் 15.5 லட்சம் சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பதற்கு ரஷ்யாவையும் சீனாவையும் சம்மதிக்க வைக்க எத்தனை வருஷம் பிடித்தது! ஆனால் தீபகற்பத்துக்கும் கிழக்கு அண்டார்டிகாவுக்கும் வெடல் கடலுக்கும் போட்ட திட்டம் எல்லாம் மேஜையிலேயே கிடக்கிறது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலுக்கான ஐ.நா. பெருங்கடல் ஒப்பந்தம் 2026 ஜனவரியில் அமலுக்கு வந்ததே என்று கேட்பாய். நல்லதுதான், ஆனால் இந்த ஆணையத்தின் வேலையை அது எடுத்துக்கொள்ளாது.

நாடுகள் அசையாவிட்டாலும் கடைக்காரனை அசைக்க முடியும், அதுதான் என் கட்சி. 2018-ல் பிரிட்டனில் மக்கள் கொடுத்த நெருக்கடியில் சத்து மாத்திரை விற்கும் பெரிய கடைத் தொடர் ஒன்று கிரில் மாத்திரையை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டது. அதே வருஷம், குஞ்சு பொரிக்கும் காலத்தில் பென்குவின் குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் பிடிக்க மாட்டோம் என்று பெரும்பாலான கிரில் நிறுவனங்கள் தாங்களாகவே முன்வந்தன. சட்டம் இல்லை, வாக்குறுதிதான். ஆனாலும் வந்தது. ஆகவே கையெழுத்துத் தாளில் 'கடலைக் காப்போம்' என்றெல்லாம் எழுதாமல், இந்த மாத்திரை வேண்டாம், இந்தத் தீனி போட்ட சால்மன் வேண்டாம் என்று கடைக்காரருக்கு நேராக எழுதலாம் என்கிறேன்.

எல்லாவற்றுக்கும் இப்படிக் கதவு இருக்கிறதா என்றால், இல்லை. 2022 கடைசியில் பெல்லிங்ஸ்ஹாசன் கடலில் பனி முன்கூட்டியே உடைந்தது. அங்கே இருந்த ஐந்து பேரரசப் பென்குவின் குடியிருப்புகளில் நான்கில் ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை என்று செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சொன்னார்கள். நீர் புகாத இறகு முளைக்கும் முன்பே காலடியில் பனி போய்விட்டது. இதற்கு எந்தக் கடைக்காரருக்கு எழுதுவது? நிலக்கரியையும் எண்ணெயையும் குறைக்காமல் இதற்கு வழி இல்லை. அதைக் கண்காட்சியில் எப்படிச் சொல்வது என்று இன்னும் பிடிபடவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

இப்போது உன் வேலை. சுவரொட்டிக்குக் கிரிலை நீதான் வரைய வேண்டும். புகைப்படத்தில் அது சந்தைக்கு வந்த சரக்கு மாதிரித்தான் தெரிகிறது. கண்ணாடி உடம்பு, ஆங்காங்கே சிவப்புப் புள்ளி, மிளகு போலக் கறுத்த கண். தின்ற பாசி உள்ளே பச்சையாகத் தெரியும். முன்கால்களை விரித்துக் கூடைபோல் வைத்துத் தண்ணீரை வடிகட்டும், அந்தக் கோலத்தில் வரைந்தால் நன்றாக இருக்கும். திமிங்கிலத்தை ஓரத்தில் வேண்டுமானால் வை, ஆனால் நடுவில் கிரில்தான். அழுமூஞ்சியாக வரையாதே, சிரிக்கவும் வைக்காதே.

காசு கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அச்சுக்குக் கொடுக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பாலு என் பேச்சைக் கேட்கப்போவதில்லை, உன் பேச்சைக் கேட்பான். ஒரு தடவை கூப்பிட்டுப் பேசிவிடு, நான் சொன்னதாகச் சொல்லாதே. அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்,
மல்லிகா