பழைய கருவிகளில் திறந்து பார்த்துச் சொன்னவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பக்கப் படத்தை ஒருபுறமும் தட்டச்சிட்ட உரையை மறுபுறமும் வைத்து மெய்ப்புப் பார்க்கும் நம் வலைச்செயலியின் புதிய பதிப்பு வெளிவந்துவிட்டது. நிரல் எழுதியவர்களின் பெயர்கள் களஞ்சியத்தில் தானாகவே பதிவாகிவிடும். தங்கள் கையிலிருந்த கருவியில் அதைத் திறந்து பார்த்து, “இங்கே ஓடவில்லை” என்று பொறுமையாக எழுதியவர்களின் உழைப்பு அப்படி எங்கும் ஏறுவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, வெள்ளைப் பக்கத்தைப் பற்றி எழுதிய தோழிக்கு. உள்நுழையும் பெட்டிகூட வரவில்லை என்று சொன்னதோடு அவர் நிறுத்தவில்லை. ஐபோன் எந்த மாடல், இயங்குதளம் எந்தப் பதிப்பு என்று குறித்தார், திரைப்பிடிப்பு இணைத்தார், குரோமில் திறந்தாலும் இதே கதைதான் என்று ஒரு வரி சேர்த்தார். அந்த ஒரு வரிதான் வழி காட்டியது. ஐபோனில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் என்று பெயர் எதுவானாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் சஃபாரி உலாவியை இயக்கும் வெப்கிட்தான் (அது ஆப்பிள் விதித்த கட்டாயம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இல் தளர்ந்தது). ஆகவே தேட வேண்டிய இடம் வெப்கிட்டின் பழைய பதிப்பு என்று உடனே தெரிந்துவிட்டது.

சிக்கல் இருந்தது ஒரே வரியில். நிறுத்தற்குறிகளைப் பிரித்தெடுக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (உரையில் தேடுவதற்கு எழுதும் வடிவக் குறிப்பு) லுக்பிஹைண்ட் (ஓர் இடத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லும் குறியீடு) இருந்தது. குரோமில் அது 2017இலும் ஃபயர்ஃபாக்ஸில் 2020இலும் வந்துவிட்டது. சஃபாரியில் 16.4ஆம் பதிப்போடு 2023 மார்ச்சில் வந்தது. தோழியிடம் இருப்பது ஐபோன் 7. அதற்கு ஐஓஎஸ் 15க்கு மேல் கிடையாது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸில் புரியாத வரி என்றால் உலாவி அதைத் தாண்டிப் போய்விடும். பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் இலக்கணமே புரியவில்லை என்றால் அந்தக் கோப்பையே ஓட்டாது. ஆயிரம் வரிகள் சரியாக இருந்தும் திரை வெள்ளையாகக் கிடப்பது அதனால்தான். புதிய ஜாவாஸ்கிரிப்டைப் பழைய உலாவிகளுக்கு ஏற்ப மாற்றும் பேபல் போன்ற கருவிகள் இந்த இலக்கணத்தைப் பழைய வடிவத்துக்கு மாற்றித் தருவதில்லை. ஆகவே அந்த வரியைக் கையால்தான் மாற்றி எழுத வேண்டியிருந்தது. எழுதித் தந்த தம்பி கல்லூரித் தேர்வுக்கு நடுவில் செய்தார். அவருக்கும் மனமார்ந்த நன்றி.

எப்போதாவது நேரம் கிடைக்கும்போது ஐபேடில் மெய்ப்புப் பார்க்கும் பெரியவர் ஒருவர், பாதியில் விட்ட பக்கங்கள் காணாமல் போவதாக எழுதினார். எங்களில் யாருக்கும் அப்படி நடக்கவில்லை, ஏனென்றால் நாங்கள் தினமும் திறக்கிறோம். ஐயா எந்தத் தேதியில் திறந்தார், எந்தத் தேதியில் காணவில்லை என்று குறித்து அனுப்பிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. ஒரு தளத்தில் பயனர் கை வைக்காமல் உலாவியின் பயன்பாட்டில் ஏழு நாள் கழிந்தால், அந்தத் தளத்தின் நிரல் சேமித்து வைத்ததைச் சஃபாரி அழித்துவிடும். தனியுரிமைக்காக 2020இல் வந்த ஏற்பாடு அது, நல்ல நோக்கம்தான். இப்போது வரைவுகள் சேவையகத்திலும் சேமிக்கப்படுகின்றன. ஐயா, உங்கள் குறிப்பு இல்லாமல் இதை நாங்கள் கண்டே பிடித்திருக்க முடியாது.

ஆண்ட்ராய்டு விசைப்பலகையில் தட்டும்போது எந்த விசை என்று நிரலுக்குச் சொல்ல வேண்டிய எண், எந்த எழுத்துக்கும் 229 என்றே வருவதைக் காணொளியாகப் பிடித்து அனுப்பியவருக்கும் நன்றி. உலாவியின் பெயரைப் பார்த்து முடிவெடுத்துக்கொண்டிருந்த பகுதிகளை எல்லாம் நீக்கி, குறிப்பிட்ட வசதி இருக்கிறதா என்று நேரடியாகச் சோதிக்கும்படி மாற்றியவருக்கும் நன்றி. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் பயன்படுத்தும் நண்பர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். என்விடிஏ திரைவாசிப்பானை ஃபயர்ஃபாக்ஸோடும் குரோமோடும், ஆப்பிளின் வாய்ஸ்ஓவரைச் சஃபாரியோடும் வைத்து ஒவ்வொரு பொத்தானாகப் போய்ப் பார்த்தீர்கள். சேமித்தாகிவிட்டது என்ற அறிவிப்பு ஓரிடத்தில் ஒலித்து, இன்னோரிடத்தில் ஒலிக்காததைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் எங்களால் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

முகம் தெரியாதவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். 2005இலிருந்து வளர்ந்துவரும், வலைத் தொழில்நுட்பங்களை விளக்கும் எம்டிஎன் ஆவணங்களை எழுதுகிறவர்கள், எந்த வசதி எந்தப் பதிப்பில் வந்தது என்ற பட்டியலைப் பொதுவில் வைத்துத் திருத்துகிறவர்கள், அதை உலாவி வாரியாகக் காட்டும் கேன் ஐ யூஸ் தளத்தை நடத்துகிறவர்கள், எல்லா உலாவிகளுக்கும் பொதுவான வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ் தொகுப்புக்குச் சோதனை எழுதுகிறவர்கள். மேலே சொன்ன ஆண்டுகளையும் பதிப்பு எண்களையும் நாங்கள் தெரிந்துகொண்டதே இவர்களால்தான்.

“புதிய குரோமில் மட்டும் ஓடும் என்று அறிவித்துவிட்டால் வேலை மிச்சமே” என்ற யோசனை குழுவில் ஒருமுறை வந்தது. அக்கறையோடு சொன்னதுதான், ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விண்டோஸ் 7 வைத்திருப்பவருக்கு குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. புதுக் கணினி வாங்கிவிட்டு வாருங்கள் என்று சம்பளமில்லாமல் உதவ வந்தவரிடம் எந்த வாயால் சொல்வது? சோதனைக் கருவிகள் வாங்க நம்மிடம் பணம் கிடையாது. உங்கள் கைகளில் இருப்பவைதான் நம் சோதனைக்கூடம். அதே சமயம் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கவும் நம்மால் முடியவில்லை. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11 ஆதரவை விட்டோம். மைக்ரோசாஃப்டே 2022 ஜூனில் அதைக் கைவிட்டது. அதற்குப் பிறகும் அதிலேயே வேலை செய்துகொண்டிருந்த சிலர், முன்கூட்டியே சொன்னதற்காக எங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறினார்கள். அந்தப் பெருந்தன்மையை மறக்க மாட்டோம்.

அடுத்த பதிப்பில் பக்கப் படத்தை விரலால் பெரிதாக்கும் பகுதி மாறுகிறது. தொடுதிரை என்பதால் கருவிக்குக் கருவி வேறுபடும். வெளியிடும் முன்பே சோதனைத் தளத்தில் ஏற்றிவைத்து உங்களுக்குத் தெரிவிக்கிறோம். வழக்கம்போல மாடல், பதிப்பு எண், வேறு உலாவியில் என்ன ஆகிறது என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

நன்றியுடன்,
நிரல் குழுவின் சார்பில்