அளவை: ஆய்வில் இருக்கும் மகளுக்கு

காட்பாடி

அன்பு மகளுக்கு,

தொழுநோய் பரவும் விதத்தைக் கணிதத்தில் எழுதிக் காட்டப் புறப்பட்ட உன் ஆய்வு, மருந்தின் வேதியியலையும், நோயாளியின் உடலையும், காரணம் என்றால் என்ன என்ற தத்துவக் கேள்வியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நிற்கிறது என்றும், எந்தத் துறையினரிடம் போனாலும் இது எங்கள் பாடம் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். இரண்டு நாளாக அதே நினைவாக இருந்தேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் முப்பது ஆண்டு பியூரெட்டை, அதாவது கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கோடிட்ட கண்ணாடிக் குழாயை, பிடித்தவன் என்ற முறையில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

தமிழில் அளவை என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. படியும் முழமும் அளவை. ஒன்றை உண்மை என்று அறியும் வழியும் அளவை. மணிமேகலையில் வைதிகவாதி பத்து அளவைகளைச் சொல்கிறான். காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகளோ காண்டல் (நேரில் அறிதல்), கருதல் (ஊகித்து அறிதல்) என்னும் இரண்டையே ஏற்கிறார். உன் சிக்கலும் அந்தப் பழைய வழக்குதான் என்று நினைக்கிறேன். நான்கு துறையினரும் பார்க்கும் பொருள் ஒன்று, அவர்கள் ஒப்புக்கொள்ளும் அளவைதான் வேறு.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சமயம் தோலைப் பதனிடும் குரோம் கரைசலின் பலத்தை மூன்று முறை அளந்தேன். ஸ்டார்ச் விட்டதும் குடுவையில் ஏறிய கருநீலம், பியூரெட்டிலிருந்து தயோ (சோடியம் தயோசல்பேட்) கரைசல் சொட்டுச் சொட்டாக விழ விழ, ஒரே சொட்டில் வெளிர் பச்சையாக மாறிய இடம் மூன்று முறையும் பியூரெட்டின் ஒரே கோட்டில் நின்றது. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் டிரம்மிலிருந்து எடுத்த தோலில் ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டபோது அது சுருண்டுபோயிற்று; சரியாகப் பதப்பட்ட தோல் அப்படிச் சுருளாது, குரோம் போதவில்லை. தயோ கரைசல் பல வாரம் நின்று பலம் குன்றியிருந்தது. பலம் குன்றியதால் அது அதிகம் செலவாயிற்று. அதிகம் செலவானதால் குரோம் கூடுதலாக இருப்பதாக நான் கணக்கிட்டேன். என் தாளை நம்பிக் கரைசலைக் குறைத்து ஊற்றிவிட்டார்கள். மூன்று அளவும் தமக்குள் ஒத்துப்போனதையே உண்மைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டது என் பிழை. கொதிநீர் என்ற வேறோர் அளவை இல்லாதிருந்தால் அந்தப் பிழை எனக்குத் தெரிந்தே இருக்காது.

உன் பொருளிலும் இதுவே நடந்திருக்கிறது. 1873-ல் நார்வேயில் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். ஆனால் ஒரு கிருமியே ஒரு நோய்க்குக் காரணம் என்று நிலைநாட்ட, அதை நோயாளியின் உடலிலிருந்து பிரித்து, வெளியே வளர்த்து, வேறோர் உயிரில் செலுத்தி அதே நோயை வரவழைத்துக் காட்ட வேண்டும் என்று பின்னர் ஜெர்மன் மருத்துவர் கோக் விதி வகுத்தார். தொழுநோய்க் கிருமியோ இன்றுவரை எந்தச் செயற்கை ஊட்டத்திலும் வளரவில்லை. 1960-ல் அமெரிக்காவில் ஷெப்பர்ட் சுண்டெலியின் உள்ளங்காலில் அதை வளர்த்துக் காட்டினார். அந்த வழியில்தான் அது இரட்டிக்க ஏறத்தாழ 14 நாள் ஆகிறது என்று அளக்க முடிந்தது. ஆண்டுக்கு 26 முறை என்று வைத்துக்கொள். தடையில்லாமல் பெருகினால் ஒரு கிருமி ஓராண்டில் 6.7 கோடியாகும், 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும் ஈ கோலை என்ற குடல் கிருமி அதே தொகையை ஒன்பது மணி நேரத்துக்குள் எட்டிவிடும். கிருமி உள்ளே புகுந்த பிறகு உணர்ச்சியற்ற தேமல் வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆவதை இந்த ஒரு பெருக்கல் எவ்வளவு தெளிவாகக் காட்டிவிடுகிறது!

ஆனால் விரல்கள் ஏன் குறைகின்றன என்பதை எந்தப் பெருக்கலும் சொல்லவில்லை. அதைக் கண்டது நம் வேலூரில். 1946-ல் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், நோயால் சதை அழுகி விரல் உதிர்கிறது என்று எல்லாரும் நம்பியதை ஏற்காமல், ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று பின்தொடர்ந்தார். துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியாதபோது தொழுநோயுள்ள ஒரு சிறுவன் சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது, அவனுக்கு வலிக்கவே இல்லை. கிருமி நரம்பைக் கெடுக்க, வலி போய்விடுகிறது. வலியறியாத கை தன்னைக் காத்துக்கொள்வதில்லை. அப்படியானால் அந்த விரலின் இழப்புக்குக் காரணம் கிருமியா, செத்த நரம்பா, துருப்பிடித்த பூட்டா? தத்துவத் துறையில் மட்டும் கேட்கப்படும் கேள்வி என்று நீ நினைத்தது மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டிருந்தது. விடை எதுவோ அதைப் பொறுத்தே மருத்துவமும் அமைந்தது. பாதத்தின் எடையை அகலமாகப் பரப்பும் மென்மையான ரப்பர்ச் செருப்பு அந்த விடையிலிருந்து பிறந்ததுதான்.

மருந்திலும் பார். டாப்சோன் என்ற ஒரு மருந்தை மட்டும் கொடுத்தபோது கிருமி அதற்குப் பழகிக்கொண்டதால், உலக சுகாதார நிறுவனம் 1981-ல் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. பத்து லட்சத்தில் ஒரு கிருமி ஒரு மருந்தைத் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் ஒருசேரத் தாங்குவது லட்சம் கோடியில் ஒன்று. இந்தப் பெருக்கல் சரியாக இருக்க, இரண்டு மருந்தும் வெவ்வேறு வழியில் கிருமியைத் தாக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் வேதியியலார்.

ஆகவே, பிற துறைகளின் சொற்களை மட்டும் கடன் வாங்கி உன் கட்டுரையில் வைக்காதே, அம்மா. அவர்கள் எதைச் சான்றாக ஏற்பார்கள், எதைத் தள்ளுவார்கள் என்பதை அவர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள். காலம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

பொங்கலுக்கு வரும்போது கரிகிரிக்கு ஒரு நாள் போய்வருவோம். 1955-ல் தொழுநோய்க்காகத் தொடங்கிய ஆய்வு மருத்துவமனை அங்கே இருக்கிறது; நம் வீட்டிலிருந்து தொலைவில்லை. உன் கணக்கின் முதல் பக்கத்தையும் எடுத்து வா. அதில் நீ எழுதியிருக்கும் ஒவ்வோர் எண்ணும் யார் கையால், எதை வைத்து அளக்கப்பட்டது என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா