சாமையும் புளியும் மலையிலேயே மதிப்புக் கூடட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பலருக்குச் சாமை, புளி, கடுக்காய், தேன் ஆகியவையே கைக்காசு. சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு அளித்திருக்கிறது. ஆனால், உரிமை கிடைத்ததால் மட்டும் உரிய விலை கிடைத்துவிடுவதில்லை. மாசி, பங்குனியில் உலுக்கிய புளியை, ஓடும் கொட்டையும் நீக்குவதற்குள், முன்பணம் கொடுத்த வியாபாரி சொல்லும் விலைக்கே எடைபோட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சாமையோ உமி இறுகப் பற்றிய சின்னஞ்சிறு மணி. அதைக் குற்றிப் புடைத்து அரிசியாக்குவது பெண்களின் இடுப்பொடிக்கும் வேலை என்பதால், பெரும்பகுதி தானியமாகவே அடிவாரத்துக்கு இறங்கிவிடுகிறது. அதே சாமை அரிசி நகரத்துக் கடைகளில் என்ன விலைக்கு விற்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

2018-இல் மத்திய அரசு தொடங்கிய வன் தன் திட்டம், பழங்குடியினர் சேகரிக்கும் வனப்பொருள்களை அங்கேயே பதப்படுத்தி விற்கும் மதிப்புக்கூட்டலுக்காகவே வந்தது. எனினும், உமி நீக்கும் இயந்திரத்தை இறக்கி வைப்பதோடு வேலை முடிந்துவிடாது (திறப்பு விழா மாலை வாடுமுன்பே பழுதான இயந்திரங்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை). தடையற்ற மும்முனை மின்சாரமும், பழுது நீக்கத் தெரிந்த உள்ளூர் இளைஞர்களும் தேவை. அதைவிட முக்கியமாக, மலைவாழ் மக்கள் பெரும்பலநோக்கு கூட்டுறவுச் சங்கங்கள் அறுவடைக்கு முன்பே சிறுகடன் வழங்கி, விளைபொருளை வாங்கிய அன்றே பணம் கொடுக்க அரசு நிதி ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவண்ணாமலை மாவட்டம்.