எங்கள் மகனுக்காக முன்வந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

பெருமூளை வாதத்தோடு பிறந்த எங்கள் மகனுக்கு மறுக்கப்பட்டிருந்த மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவு, மேன்முறையீட்டில் கிடைத்துவிட்டது. ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நன்றி சொல்லத்தான் ஆசை. பிள்ளையை விட்டுவிட்டு வெளிக்கிட முடியாததால் இந்த மடல்.

முதல் விண்ணப்பம் ஏன் தள்ளுபடியானது என்று எங்களுக்கு விளங்கவேயில்லை. விளங்க வைத்தவர் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை செய்து ஓய்வுபெற்ற உவர்மலை ஐயா. சான்றிதழில் நோயின் பெயர் இருக்கிறது, அந்த நோயால் பிள்ளைக்கு எது எது முடியாது என்று ஒரு வரிகூட இல்லை என்றார். மேன்முறையீட்டையும் தன் கைப்படவே எழுதித் தந்தார்.

பிசியோதெரபி மிஸ்ஸுக்கு எப்படி நன்றி சொல்வேன்! மகனைப் பாயில் இருத்தி, முதுகைத் தாங்கியிருந்த கையை மெல்ல எடுத்துப் பார்த்தார். அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்ததும் பிடித்துக்கொண்டார். பிறகு எழுதினார்: பிடிமானம் இல்லாமல் இருக்க முடியாது, கரண்டியை வாய்க்குக் கொண்டுபோக முடியாது, ஆறு வயதிலும் மலசலத்துக்குப் பெரியவர் ஒருவர் வேண்டும். அதை வாசிக்கக் கேட்டபோது நெஞ்சு அடைத்தது. ஆனால் முடிவை மாற்றியது அந்த ஒற்றைக் கடதாசிதான். குழந்தை வைத்தியர் அதைப் பார்த்து, வலிப்பு விபரத்தையும் சேர்த்து, அன்றைக்கே புதிய சான்றிதழில் முத்திரை குத்தித் தந்தார்.

வீடு தேடி வந்து நிலைமையை நேரில் பார்த்த கிராம உத்தியோகத்தருக்கும், சிங்களத்தில் வந்த கடிதத்தைப் பொறுமையாக வாசித்துச் சொன்ன அடுத்த வீட்டு அக்காவுக்கும், கிளினிக் நாட்களில் காசு வாங்க மறுத்த ஓட்டோ நானாவுக்கும் மனமார்ந்த நன்றி.

2025 ஏப்ரலில் இந்தக் கொடுப்பனவை 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக உயர்த்தினார்கள். பெரும்பங்கு பம்பர்ஸுக்கே போய்விடும். சரி, போகட்டும், மாதக் கடைசியில் கடைக்காரரிடம் கடன் சொல்லி நிற்க வேண்டியதில்லை. அந்த நிம்மதியைத் தந்தது நீங்கள் எல்லோரும்தான்.

மேன்முறையீட்டின் பிரதி எங்களிடம் இருக்கிறது. இப்படி மறுப்புக் கடிதம் கிடைத்த அம்மாமார் யாரும் இருந்தால் பாலையூற்றுக்கு வாருங்கள், போட்டோக்கொப்பி எடுத்துத் தருகிறோம். உங்கள் பிள்ளைக்கும் எழுதித் தர ஐயா சம்மதித்திருக்கிறார்.

இப்படிக்கு,
மகனின் அம்மாவும் அப்பாவும்
பாலையூற்று, திருகோணமலை