மண்டியிட்டு ஓட்டும் படகு

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் போன வாரம் கைக்கு வந்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து இப்போது காலையில் ரேஸ்கோர்ஸைச் சுற்றி நடக்கிறாய் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருப்பதும் நல்ல சேதி. ஃபவுண்டரியை மகள் கையில் கொடுத்தபின் ரிஜெக்‌ஷன் குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் சுகம். பேரன் கல்லூரிக்குப் போய்விட்டதால் வீடு வெறிச்சென்று இருக்கிறது. மில்வாக்கியில் பனி கரைந்து ஏரிகளில் படகு இறக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, கராஜில் கவிழ்த்துப் போட்டிருக்கும் அந்த மரச்சாமான் என்ன என்று கேட்டிருக்கிறாய். அது பந்தயப் படகு. தொழிற்சாலையில் எனக்கு ஃபோர்மேனாக இருந்தாரே, அவருடையது. இந்தக் குளிர்காலத்தில் அவர் காலமாகிவிட்டார். எல்லாம் முடிந்தபின் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு, "படகையும் எஞ்சினையும் நீயே எடுத்துக்கொண்டு போ, வேறு யாரிடம் கொடுத்தாலும் ஹோட்டல் சுவரில் மாட்டிவிடுவார்கள்" என்றார். மறுபேச்சு பேசாமல் எடுத்து வந்துவிட்டேன். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்றும் கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

படகு பத்தடியை ஒட்டிய நீளம். ப்ளைவுட் தோல், உள்ளே ஸ்ப்ரூஸ் மரச் சட்டம். முன்பக்கம் இரண்டு ஓரங்களிலும் ஸ்பான்சன் என்று இரண்டு தடித்த கால்கள் இருக்கும். வேகம் பிடித்ததும் அந்த இரண்டு கால்களும் பின்முனையும் மட்டும்தான் தண்ணீரைத் தொடும். மற்ற இடமெல்லாம் அடியில் புகுந்த காற்று தாங்கிக்கொள்ளும். மூன்று புள்ளியில் ஓடும் இந்த அமைப்பை 1930களில் நியூஜெர்சியில் வென்ட்னர் என்ற ஊரில் படகு கட்டிய அடால்ஃப் ஏப்பல் புகழ்பெறச் செய்தார். அதற்கப்புறம் பழைய வகை ஹைட்ரோப்ளேன்களுக்கு, அதாவது தண்ணீர் மேல் சறுக்கி ஓடும் படகுகளுக்கு, மவுசு போய்விட்டது. உள்ளே சீட் கிடையாது. ஒரு மெத்தைத் துண்டின் மேல் மண்டியிட்டு, ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் த்ராட்டில் பிடி என்று ஓட்ட வேண்டும். பிடியை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் ஓடும். கை விட்டால் ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். ஓட்டுபவர் தண்ணீரில் தூக்கி எறியப்பட்டால் ஆளில்லாத படகு முழு வேகத்தில் சுற்றிவந்து அவர் மேலேயே ஏறக் கூடாதே, அதற்காகத்தான்.

எஞ்சின் மெர்க்குரி மார்க் 20ஹெச், 1950களின் நடுவில் வந்தது. இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், கிட்டத்தட்ட 20 கன அங்குலம். சிசி கணக்கில் சுமார் 325. ஹாஸ்டலில் உன் ஜாவா 250 சிசி, ஞாபகம் இருக்கிறதா? அதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதை வைத்துக்கொண்டு தண்ணீர் மேல் மணிக்கு 60 மைலை ஒட்டிப் போவார்கள், அதாவது நூறு கிலோமீட்டர் சொச்சம். கண் தண்ணீர் மட்டத்திலிருந்து ஓரிரு அடி உயரத்தில் இருக்கும்போது அந்த நூறு எப்படித் தெரியும் என்று நினைத்துப் பார்.

நான் வந்து சேர்ந்த ஊரே அவுட்போர்ட் மோட்டாரின், அதாவது படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் இந்த மாதிரி எஞ்சினின், தாய்வீடு என்பது வந்தபின்தான் தெரிந்தது. நார்வேயிலிருந்து சின்னக் குழந்தையாக வந்த ஓலே எவின்ரூட் 1909இல் இதே மில்வாக்கியில் தன் மோட்டாரை விற்க ஆரம்பித்தார். ஒன்றரைக் குதிரைசக்தி, 62 பவுண்டு எடை. இங்கிருந்து கொஞ்சம் வடக்கே சீடர்பர்க் என்ற சிற்றூரில் 1939இல் கார்ல் கீக்ஹேஃபர் ஒரு நொடிந்துபோன கம்பெனியை வாங்கினார். அங்கே மாண்ட்கோமரி வார்டு என்ற பெரிய வியாபார நிறுவனம் சரியில்லை என்று தள்ளிய சுமார் 300 மோட்டார்கள் கிடந்தன. அவற்றைப் பிரித்துக் குறை நீக்கி அதே நிறுவனத்திடம் திரும்ப விற்றார். மெர்க்குரி அப்படித்தான் பிறந்தது. 1947இல் அவர் விட்ட லைட்னிங் என்ற 10 குதிரைசக்தி எஞ்சின், தன்னைவிடப் பெரிய எஞ்சின்களைத் துரத்தியடித்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் ஜான்சன், எவின்ரூட் கம்பெனிகள் ஆண்ட பந்தய உலகில் சாதாரணத் தொழிலாளியும் கடையில் எஞ்சின் வாங்கி, வார இறுதியில் போட்டிக்குப் போகலாம் என்ற நிலை வந்தது அதற்குப் பிறகுதான்.

அப்படிப் போனவர்களில் ஒருவர்தான் எங்கள் ஃபோர்மேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் இளவயது வேகமெல்லாம் ஓய்ந்திருந்தார், ஆனாலும் கோடை வந்தால் ட்ரெய்லரை மாட்டிவிடுவார். ஊருக்குப் புதியவன், குடும்பம் இன்னும் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யப்போகிறாய், வா என்றார். அங்கே எனக்குக் கிடைத்த வேலை, படகின் வாலைத் தூக்கிப் பிடிப்பது.

அதைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த எஞ்சின்களில் நியூட்ரல் கிடையாது. ஸ்டார்ட் ஆனால் ப்ரொப்பெல்லர் உடனே சுற்றும். அதனால் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ப்ரொப்பெல்லர் தண்ணீரைத் தொடாதபடி படகின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அவர் கயிற்றைச் சுண்டுவார். எஞ்சின் பிடித்ததும் காது அடைத்துப்போகும், மர உடம்பு முழுக்க அதிர்ந்து கை மரத்துவிடும், பெட்ரோலும் ஆயிலும் கலந்த புகை முகத்திலேயே அடிக்கும். கத்தி மாதிரி தீட்டிய இரண்டு இலைகள் என் வயிற்றிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சுழன்றுகொண்டிருக்கும். அவர் முன்னால் குனிந்து தலையை ஆட்டுவார். உடனே முன்னே தள்ளி விட்டுவிட வேண்டும், தயங்கக் கூடாது. படகு என் கையை உதறிவிட்டுப் பாயும். அது எழுப்பும் தண்ணீர் தலையிலிருந்து கால்வரை நனைக்கும். அந்த ஊரில் நான் முதன்முதலாகச் சந்தோஷமாக இருந்த இடம் அதுதான்.

பந்தயம் தொடங்கும் விதமும் அழகு. வரிசையில் நிறுத்திக் கொடி காட்டுவது இல்லை. கரையில் ஒரு பெரிய கடிகாரம் இருக்கும். கடைசி நிமிடத்தில் முள் சுற்ற ஆரம்பிக்கும்போது எல்லாப் படகுகளும் ஏற்கெனவே தண்ணீரில் வட்டமடித்துக்கொண்டிருக்கும். முள் பூஜ்யத்தைத் தொடும் கணத்தில் கோட்டை முழு வேகத்தில் கடக்க வேண்டும். அரை நொடி முந்தினாலும் தகுதி போச்சு, ஒரு நொடி பிந்தினால் முதல் வளைவில் மற்றவர்கள் கிளப்பும் தண்ணீருக்குள் குருடனாக நுழைய வேண்டும். பெரும்பாலும் இரண்டு ஓட்டம். முதலிடத்துக்கு 400 புள்ளி, அடுத்து 300, அப்புறம் 225, 169 என்று ஒவ்வொரு இடத்துக்கும் முக்கால் பங்காகக் குறையும். இரண்டிலும் நிதானமாக ஓடியவர், ஒன்றில் மட்டும் பறந்தவரை வென்றுவிடுவார்.

ஸ்டாக் வகுப்புகளில் எல்லோரும் வைத்திருப்பது ஒரே எஞ்சின். அதில் கைவைக்க அனுமதியில்லை. ஜெயித்தவர் கரைக்கு வந்ததும் கோப்பை தரமாட்டார்கள், ஸ்பானர் தருவார்கள். எஞ்சினைப் பிரித்துப் பரப்ப வேண்டும். சோதனையாளர் மைக்ரோமீட்டரோடு உட்கார்ந்து போர்ட், பிஸ்டன், கார்புரேட்டர் எல்லாம் அளந்து சரி சொன்ன பிறகுதான் வெற்றி உறுதி. அப்படியானால் ஒருவர் எதை வைத்து ஜெயிப்பார்? இங்கேதான் உன் நினைப்பு எனக்கு வரும். எஞ்சினைப் பின்பலகையில் கால் அங்குலம் ஏற்றுவதா இறக்குவதா, அடிப்பக்கத்தை எத்தனை டிகிரி வெளியே தள்ளுவது, மண்டியிடும் இடத்தை ஒரு சாண் முன்னே நகர்த்துவதா, எல்லாவற்றுக்கும் மேலாக எந்த ப்ரொப்பெல்லர். அவரிடம் ஒரு மரப்பெட்டி நிறைய இருந்தது, எல்லாம் இரண்டு இலை வெண்கலம். காற்று எந்தப் பக்கம், தண்ணீர் அலைகிறதா படுத்திருக்கிறதா என்று பார்த்துத்தான் ஒன்றை எடுப்பார். வேலை நாளில் சாப்பாட்டு இடைவேளையில் இலையின் ஓரத்தை அரத்தால் இழைத்து, அச்சுக்கட்டை மேல் வைத்துச் சுத்தியால் மெதுவாகத் தட்டி, விரலால் தடவிப் பார்ப்பார். ஓரத்தை ஒரு மயிரிழை உள்பக்கம் மடித்தால் வளைவில் ப்ரொப்பெல்லர் காற்றைக் குடிக்காமல் பிடிமானம் நிற்கும். இதையெல்லாம் நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, அவர் விரலைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். கைவேலைக்கு இவ்வளவு மரியாதை உள்ள இன்னொரு விளையாட்டை நான் பார்த்ததில்லை, மாப்ள. காசு இருந்தவன் புதுப் படகோடு வருவான், பட்டறையில் உட்காரப் பொறுமை இருந்தவன் ஜெயித்துக்கொண்டு போவான்.

மெத்தனால் ஊற்றி ஓட்டும் வகுப்புகள் தனி உலகம். அங்கே எஞ்சினை எப்படி வேண்டுமானாலும் செதுக்கலாம். எரிபொருளில் விளக்கெண்ணெய் கலப்பார்கள். குழாய் வழியே அது எரிந்து வரும் வாசனை ஏரிக்கரை முழுக்கப் பரவும். விஸ்கான்சின் ஏரிக்கரையில் விளக்கெண்ணெய் வாசம் வந்தபோது எனக்கு எங்கள் பாட்டி முகம்தான் ஞாபகம் வந்தது. அந்த வகுப்புகளில் ராஜா மேற்கு பெர்லினிலிருந்து வந்த கோனிக் எஞ்சின். உனக்குப் பிடித்த சேதி ஒன்று: அங்கே வேலை பார்த்த கிம் நியூகோம்ப் என்ற நியூசிலாந்துக்காரர், அந்தப் படகு எஞ்சினையே மோட்டார் சைக்கிளில் பொருத்தி 1973இல் 500 சிசி உலகப் போட்டிக்குப் போனார். யுகோஸ்லாவியாவில் ஜெயித்தார். அதே ஆண்டு சில்வர்ஸ்டோனில் விபத்துக்குள்ளாகி இறந்தார். ஆண்டு முடிவில் புள்ளிக் கணக்கில் அவருக்குத்தான் இரண்டாமிடம். ஒரு படகுக் கம்பெனியின் எஞ்சின்!

ஃபோர்மேன் அடிக்கடி சொல்லும் இன்னொரு கதை ஹியூபர்ட் என்ட்ராப்புடையது. சியாட்டிலில் போயிங் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1958இல் வாஷிங்டன் ஏரியில் ஆறு சிலிண்டர் மெர்க்குரி வைத்து மணிக்கு 107.8 மைல் தொட்டார். இரண்டே ஆண்டில் கட்சி மாறி, எவின்ரூட் எஞ்சினோடு அரிசோனாவில் ஹவாசு ஏரியில் ஏறத்தாழ 123 மைல். ஃபோர்மேன் மெர்க்குரிக்காரர், ஆனாலும் அதைச் சொல்லும்போது குரலில் குறை இருக்காது. யார் எஞ்சினாக இருந்தால் என்ன, ஓட்டினானே என்பார்.

நீண்ட தூரப் பந்தயமும் உண்டு. 1928 முதல் ஆல்பனியிலிருந்து நியூயார்க் வரை ஹட்சன் ஆற்றில் 130 மைலுக்கு மேல் ஓடினார்கள், குளிரிலும் மிதக்கும் கட்டைகளுக்கு நடுவிலும், மண்டியிட்டபடியே. எங்கள் மாநிலத்தில் வின்னபேகோ ஏரி. 30 மைல் நீளம், ஆழமோ சராசரி 15 அடிதான். அதனால் கொஞ்சம் காற்று அடித்தாலும் அலை குட்டை குட்டையாக, செங்குத்தாக எழும்பும். அங்கே ஓடிய மாரத்தானைப் பற்றிப் பேச்சு வந்தால் ஃபோர்மேன் முட்டியைத் தடவிக்கொள்வார். வயதான பின் அவருக்கு இரண்டு முட்டியும் போய்விட்டன. உன் ஆபரேஷன் சேதியைப் படித்தபோதும் அவரைத்தான் நினைத்தேன்.

இப்போதும் பந்தயம் நடக்கிறது. ஜப்பானிய யமாட்டோ எஞ்சின்கள் நிறைய வருகின்றன. ஜப்பானில் படகுப் பந்தயம் 1952இல் ஓமுராவில் தொடங்கியது, பந்தயம் கட்டி ஆடும் பெரிய தொழில். அங்கே ஓட்டுபவருக்கு எஞ்சினைக் குலுக்கல் முறையில் கொடுப்பார்கள். நியாயமான ஏற்பாடுதான், ஆனால் ஒரு எஞ்சினோடு ஆண்டுக்கணக்கில் பழகும் உறவு அதில் இருக்காது என்று எனக்குத் தோன்றும். இங்கே ஏரிகளைச் சுற்றி வீடுகள் நிறைந்துவிட்டன, சத்தம் யாருக்கும் ஆகவில்லை. எவின்ரூடை நடத்திய கம்பெனி 2000இல் திவாலாகி, வாங்கியவர்களும் 2020இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். 1909இல் தொடங்கிய பெயர். அந்தச் செய்தி வந்த அன்று ஃபோர்மேன் போன் பண்ணினார், இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. பழைய எஞ்சின்களைக் காப்பாற்றுகிறவர்களுக்கு 1965 முதலே ஒரு கிளப் இருக்கிறது, அதனால்தான் பிஸ்டன் ரிங்கும் மேக்னட்டோ காயிலும் இன்னும் தேடினால் கிடைக்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படகின் அடிப்பலகையில் ஒரு இடம் மட்டும் உளுத்திருந்தது, வெட்டி மாற்றிவிட்டேன். எஞ்சின் பிரித்துக் கழுவியாயிற்று, தீப்பொறி நன்றாக வருகிறது. ஆனால் அவருடைய பெட்டியில் இருந்த ப்ரொப்பெல்லர்களில் அவர் கடைசி வருடங்களில் ஓட்டியது ஓரம் தேய்ந்து, ஒரு இலையில் விரிசல் விட்டிருக்கிறது. பற்றவைத்து ஓட்ட எனக்கு மனசு வரவில்லை, அந்த வேகத்தில் இலை பறந்தால் ஆபத்து. அதைப் போலவே வெண்கலத்தில் இரண்டு மூன்று வார்த்துத் தர முடியுமா என்று மகளிடம் கேட்டுச் சொல். இதையே பேட்டர்னாக, வார்ப்பு மாதிரியாக வைத்தால் உலோகம் ஆறும் சுருக்கத்தில் சிறிதாகிவிடும் என்பது உனக்குத் தெரியாததல்ல. அதனால் ஸ்கேன் எடுத்த அளவுகளை அனுப்புகிறேன், சுருக்கத்துக்கும் இழைப்பதற்கும் கூட வைத்துப் பேட்டர்ன் செய்யட்டும். இலையைக் கொஞ்சம் தடிமனாகவே விடச் சொல், மிச்சத்தை நான் அரத்தால் பார்த்துக்கொள்கிறேன். காசு விஷயத்தில் என்னிடம் நட்புக் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு, அவள் தொழில் நடத்துகிறாள்.

ஆகஸ்ட் கடைசியில் பழைய படகுகளை இறக்கும் நாள் ஒன்று இருக்கிறது. ஓட்டப்போவது நான் இல்லை, ஃபோர்மேனின் பேத்தி. வாலைப் பிடிக்க நான் தண்ணீரில் நிற்பேன். முட்டி சரியாகி டாக்டரும் சரி என்றால், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு, மறுபக்கம் பிடிக்க ஆள் வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்