பாதி வாஷிங்டன்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் அமெரிக்க வரலாற்றுக் கட்டுரையில், முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றி, 'வாஷிங்டன் பதவியைச் சொந்தக் காரியத்துக்கு ஒருநாளும் பயன்படுத்தியதில்லை' என்று ஒரு வரி இருந்தது. உங்களுக்குத் தெரியாதது இல்லை. பிறகு எப்படி அச்சில் வந்தது?

தம்பி மகன் புஷ்ராட் 1789இல் வர்ஜீனியாவின் மத்திய அரசு வழக்கறிஞர் பதவியைக் கேட்டபோது, அனுபவமுள்ள மூத்த வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள் என்று மறுத்தார். சரி, அது பெருமைதான். ஆனால் 1796இல் அவர் மனைவி மார்த்தாவின் பணிப்பெண்ணாக இருந்த ஓனா ஜட்ஜ் என்ற அடிமைப் பெண், பிலடெல்ஃபியா வீட்டிலிருந்து தப்பி, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுக ஊருக்குப் போய்விட்டார். அவரைப் பிடித்துத்தர வாஷிங்டன் யாரை நாடினார்? கருவூலச் செயலாளர் வால்காட்டை. அவர் மூலமாகப் போர்ட்ஸ்மவுத் சுங்க அதிகாரி விப்பிளை. ஓடிப்போன அடிமையை நீதிபதி முன் நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும் என்ற 1793ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவரே வாஷிங்டன்தான்! விப்பிள் அந்தப் பெண்ணிடம் பேசிப் பார்த்துவிட்டு, பலவந்தமாகக் கப்பலேற்ற மறுத்தார். உங்கள் கட்டுரையில் விப்பிளும் இல்லை, ஓனாவும் இல்லை.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஓர் அதிகாரி இருந்தார். சிபாரிசு என்று சொந்தக்காரர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவார். ஆனால் அலுவலக உதவியாளர்தான் அவர் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும், ரேஷன் கடையிலும் நிற்க வேண்டும். ஓய்வு பெற்றபோது அவரை நேர்மையின் சிகரம் என்று எல்லோரும் மேடையில் புகழ்ந்தார்கள். கடைசி வரிசையில் அந்த உதவியாளரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்று என் வயிறு எரிந்தது. உங்கள் வரியைப் படித்தபோதும் அப்படியே.

இது முதல் தடவையும் அல்ல. வாஷிங்டனுக்கு அடுத்து ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ் தன் மகனை, ஜெர்மானிய நாடான பிரஷ்யாவுக்குத் தூதராக்கியதை வாரிசு அரசியல் என்று முன்பு எழுதினீர்கள். அந்த இளைஞரை 1794இல் நெதர்லாந்துக்குத் தூதராக அனுப்பியதே வாஷிங்டன்தான். மகன் என்பதற்காக அவருடைய உயர்வைத் தடுக்காதீர்கள் என்று ஆடம்ஸுக்கு எழுதியவரும் அவரே. அப்போதே கடிதம் போட்டேன். பிரசுரிக்கவில்லை, பதிலும் இல்லை. பல வருட வாசகனுக்கு ஒரு அஞ்சலட்டை கூடவா கிடையாது?

அடுத்த இதழில் ஓனா ஜட்ஜின் பெயரோடு நான்கு வரி திருத்தம் போடுங்கள். கட்டுரை வந்த அதே பக்கத்தில் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்